ஏழு துளைகளும் ஏழு துணிகளும்

முப்பத்தேழு வருட வேலையில் நான் அடியோடு பிரித்து மறுபடி பூட்டிய டீசல் எஞ்சின்கள் அறுபத்திரண்டு. ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாபகத்தை நான் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான். முதல் அறுபதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அறுபத்தொன்றாவதும் அறுபத்திரண்டாவதும் ஒரே எஞ்சின்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் வேலை செய்த லொறி கராஜுக்கு இப்போது பொறுப்பாக இருப்பவர் தனபாலன். போன மாதம் மூன்று தடவை போன் எடுத்தார். முதல் தடவை, பழைய ஆட்களின் அனுபவங்களை ஒரு புத்தகமாகப் போடப் போகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்றார். வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கி, தோட்டத்துக்கு இரண்டு புது லொறிகள் வந்திருக்கின்றனவாம். கம்பியைச் செருகினால் பழுதின் நம்பர் திரையில் வருகிறதாம். அப்படியென்றால் என் அனுபவம் எதற்கு என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை, டர்போ போட்ட அந்தப் பழைய லொறியைப் பற்றி எழுதுவீர்களா என்று கேட்டார். இவருக்கு ஏன் குறிப்பாக அந்த லொறி என்று நினைத்தேன். மூன்றாம் தடவைதான் விஷயம் வெளியே வந்தது.

புது லொறியை யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுக்க, தோட்டத்து மனேஜர் பெரிய தொரை சாரதிகளின் பைல்களைக் கேட்டிருக்கிறார். அனுபவத்தில் முதலில் நிற்பவர் யோகராஜ். ஆனால் அவருடைய பைலில் நான் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது, பதினொரு சந்தேகங்களுடன்.

"அது என்னா லெட்டர் பாஸ்? யோகராஜண்ணன்கிட்ட கேட்டா, பாஸ்கிட்டயே கேளுன்னு சொல்லிட்டுப் போயிடுறாரு. செவத்துல இருக்கிற ஒம்பதாம் நம்பரும் அதனாலதானா?"

கராஜ் சுவரில் பன்னிரண்டு விதிகள் எழுதிய பலகை ஒன்று உண்டு. ஒன்பதாவது: சாரதி கொண்டுவரும் உதிரிப்பாகங்கள் இரண்டு சாட்சிகள் முன் நிறுக்கப்பட வேண்டும். அதை எழுதியவர் ஸ்டோர்காரர். எழுத வைத்தவன் நான்.

யோகராஜ்தான் உங்களைக் கேட்கச் சொன்னாரா என்று தனபாலனிடம் நேராகவே கேட்டேன். இல்லை என்றார். நம்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எப்படியானாலும் நான் எழுத வேண்டியது ஒன்றுதான்.

என் அப்பா பெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலரில் நின்றவர். சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணிதத்துக்கு விசேட சித்தி. அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. கராஜில் சேர்ந்து மூன்று வருடம் சாமான்களை டீசலில் கழுவினேன். நான்காம் வருடம் தனியாக ஒரு எஞ்சினின் மேல்பாகத்தைப் பூட்டி முடித்தபோது, தட்டில் ஒரு வொஷர் மிஞ்சியது. யாரிடமும் சொல்லாமல் முழுவதையும் திரும்பக் கழற்றினேன். இரண்டு நாள் போனது. எங்கேயும் எதுவும் குறையவில்லை. அந்த வொஷர் வேறொரு லொறியுடையது. அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். கழற்றும்போது ஒரு எண்ணிக்கை, கழுவும்போது ஒன்று, பூட்டும்போது ஒன்று. மூன்றும் ஒன்றாக வராவிட்டால் சாவியைக் கொடுக்க மாட்டேன். மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள்; எனக்குக் 'கணக்குப் பாஸ்' என்று பெயர் வந்தது. யோகராஜ் சாரதியாக வந்து சேர்ந்த முதல் வாரமே, வாயைத் திறந்து காட்டி, "பாஸ், என் பல்லையும் எண்ணிக்கிங்க. நாளைக்கு ஒண்ணு கொறைஞ்சா என்னையத்தான் புடிப்பீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சந்தேகப்படுவது நல்லது என்று என்னை நம்பவைத்த சம்பவம் ஒன்றும் உண்டு. ஒரு தடவை ஹட்டனில் வாங்கிய பேரிங் பெட்டியைக் கையில் எடுத்தபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. பேரிங் என்றால் கிராங்க் தண்டு உட்கார்ந்து சுழலும் அரை வட்ட உலோக ஓடு. இரண்டு ஓடு சேர்ந்தால் ஒரு பேரிங். அச்சு, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. பெக்டரியில் டீமேக்கர் தேயிலை மாதிரியை நிறுக்கும் சின்னத் தராசில் ஒவ்வொரு ஓடாக வைத்தேன். இரண்டு ஓடுகள் மூன்று கிராம் குறைந்தன. இரும்பறுக்கும் வாளால் அறுத்துப் பார்த்தால், உள்பூச்சு ஈயத்தாள் போல இருந்தது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். அந்தக் கதையை நான் கராஜில், பெக்டரியில், கோயில் திருவிழாவில் என்று எல்லாரிடமும் சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பிறகு அதற்காக வருந்தினேன். கள்ளனுக்கே வழி சொல்லிக் கொடுத்துவிட்டோமோ என்று.

இனி அந்த லொறி.

வாகன இறக்குமதி நின்று, டீசலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்ற காலம். கரண்டும் முறை வைத்து வெட்டினார்கள். எங்கள் மூன்று லொறிகளில் ஒன்று அச்சு உடைந்து நின்றுவிட்டது. புதிது வாங்க வழியில்லை. இரண்டு லொறிகள் மூன்றின் கொழுந்தையும் இழுக்க வேண்டும். மேல்பிரிவிலிருந்து பெக்டரிக்கு வரும் வழியில் கோயில் ஏற்றம் என்று ஒன்று இருக்கிறது. சுமையோடு பழைய லொறி அதில் இரண்டாம் கியரில் மூச்சு வாங்கும். அதற்கு ஆறு சிலிண்டர் எஞ்சின், இருபத்தாறு வயது, எரிக்கிற டீசலுக்கு ஈடாகப் புகை.

குழுமத்தின் எட்டுத் தோட்டங்களுக்கும் பொறியியலாளர் ரணசிங்க சேர். என்னைவிட இருபது வயது இளையவர். எஞ்சினில் கை வைக்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது பொக்கெட்டில் போடுவார். வேலை முடிந்தால்தான் திரும்பக் கட்டுவார். கராஜில் உட்கார மாட்டார். அவரிடம் நான் கவனித்த முக்கியமான விஷயம், 'யார் செய்தது' என்று அவர் கேட்டதே இல்லை. 'என்ன நடந்தது' என்றுதான் கேட்பார். யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத ஆள் என்று நான் அப்போது கணித்தேன்.

அவர் திட்டம் இது. எஞ்சினை அடியோடு புதுப்பித்து, டர்போவும் பூட்டுவது. அதே வகை எஞ்சின் டர்போவோடும் வந்திருக்கிறது. உடைக்கப்பட்ட ஒரு லொறியின் டர்போ கொழும்பில் கிடைத்தது. வெளியே போகும் புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே அதிகக் காற்றைத் தள்ளும் சாமான் அது. காற்று கூடினால் டீசலையும் கொஞ்சம் கூட்டலாம், இழுவை கூடும். ஆனால் அதைப் பூட்டினால் மட்டும் போதாது. அந்தச் சூட்டைத் தாங்குகிற பிஸ்டன் வேண்டும், டர்போவுக்கு ஒயில் போகவும் திரும்பவும் தனிக் குழாய்கள் வேண்டும், எல்லா பேரிங்கும் புதிதாக இருக்க வேண்டும். டீசல் பம்பை எவ்வளவு கூட்டுவது என்று யோகராஜைக் கேட்டால், "ஏரோப்பிளேன் அளவுக்கு வைங்க சேர்" என்றார். ரணசிங்க சேர் அதில் பாதிக்கும் பாதி வைத்தார்.

கழற்றியபோது ஆணிகளும் நட்டுகளும் இருநூற்றுப் பதினான்கு. எஞ்சின் உடலை, பெக்டரிக்குப் பின்னால் அரைப் பீப்பாயில் விறகு வைத்துக் கொதிக்கவைத்த சோடாத் தண்ணீரில் ஒரு பகல் முழுவதும் ஊறப் போட்டேன். கிராங்க் தண்டு கண்டிக்குப் போய்த் தேய்க்கப்பட்டு வந்தது. அவர்கள் கொடுத்த அளவுச் சீட்டை மடித்து வைத்துவிட்டு நானே அளந்தேன். சீட்டு சரி. சிலிண்டர் ஒன்றுக்கு மேலே, நடுவே, கீழே, இரண்டு திசையிலும் என்று ஆறு அளவு. ஆறு சிலிண்டருக்கு முப்பத்தாறு. அதையும் இரண்டு தடவை. டர்போவின் தண்டு ஆடுகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன், கொழும்பிலிருந்து வந்தது என்பதால்.

பேரிங்குகளை ஹட்டனிலிருந்து கொண்டுவந்தவர் யோகராஜ். ஒரு பெட்டியின் ஒட்டு நாடா பிய்த்துத் திரும்ப ஒட்டியதுபோல் இருந்தது. ஆறாம், ஏழாம் இடத்துக்கான ஓடுகள் அதற்குள். என்ன இது என்று கேட்டேன். கடையில் இலக்கம் சரியா என்று திறந்து பார்த்துக் கொடுத்தார்கள் என்றார். கேட்டவுடனே பதில் வந்தது. தராசில் வைத்தேன். எடை சரியாக இருந்தது. அதுதான் என்னை இன்னும் யோசிக்க வைத்தது. தராசுக் கதை யோகராஜுக்கும் தெரியும். எடையைச் சரியாக்கவும் கற்றுக்கொண்டார்களோ? கொப்பியில் 'நாடா' என்று எழுதிக் கோடு போட்டுவிட்டுப் பூட்டினேன். வேறு பேரிங் அப்போது தீவு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

இந்த இடத்தில் எங்கள் கராஜுக்கே உரிய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கராஜ் பெக்டரியின் சலிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. தேயிலை சலிக்கும்போது பழுப்புநிறப் பஞ்சு போன்ற தூசி பறக்கும். மேசையைத் துடைத்துக் கால்மணி நேரத்தில் விரலால் பெயர் எழுதலாம். அதனால் கழுவிய எஞ்சினில் திறந்த துளை எதையும் திறந்தபடி விட மாட்டோம். கிராங்க் உட்காரும் ஏழு இடங்களிலும் ஒயில் வந்து சேரும் துளை ஒவ்வொன்று உண்டு. அந்த ஏழிலும் துணியைச் சுருட்டித் திருகி அடைத்து வைப்போம். கிராங்க்கை இறக்குமுன் துணிகளைப் பிடுங்கி, ஒவ்வொரு துளையிலும் கொம்பிரஷரால் காற்றை ஊதி, மறுபக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம். கையில் காற்று அடித்தால் துளை சுத்தம். துளை உள்ளே வளைந்து போவதால் டோர்ச் அடித்துப் பார்க்க முடியாது.

அந்த நாட்களில் ஸ்டோரில் துணி இல்லை. பெக்டரி ஒபிஸ் ஜன்னலில் பல வருடம் வெயில் குடித்த நீலத் திரை ஒன்று கிடந்தது, வெள்ளைப் பூப் போட்டது. அதைத்தான் ஏழாக வெட்டினேன், ஒவ்வொன்றும் நான்கு அங்குலம்.

கிராங்க் இறக்கும் நாள் காலையிலேயே ரணசிங்க சேர் போன் எடுத்தார். மேல்பிரிவில் கொழுந்து குவிந்து கிடக்கிறது, இன்றைக்கு முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். ஏழு துணிகளையும் பிடுங்கித் தட்டில் வைத்தேன். இரண்டு மணிக்குப் போக வேண்டிய கரண்ட் ஒன்றரைக்கே போனது. கொம்பிரஷர் தொட்டியில் மிஞ்சியிருந்த காற்று ஐந்து துளைகளுக்குத்தான் போதுமாக இருந்தது. ஐந்திலும் காற்று வந்தது. ஆறாவதில் குழாயை வைத்தபோது ஒரு பெருமூச்சு மாதிரி வந்து நின்றுவிட்டது. தட்டைப் பார்த்தேன். துணிகளை எண்ணினேன். ஏழு. இரண்டாம் தடவை எண்ணினேன். ஏழு. கிராங்க்கை இறக்கினேன்.

முதல் வாரம் லொறி அருமையாக ஓடியது. கோயில் ஏற்றத்தில் மூன்றாம் கியர். "பாஸ், லொறி என்னைய விட்டுட்டுப் போகப் பாக்குது" என்று யோகராஜ் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒன்பதாம் நாள், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது முதல் நிமிடம் ஏதோ தட்டும் சத்தம் கேட்கிறது என்று வந்து சொன்னார். எஞ்சின் சூடாக இருந்த நேரம் அது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒயில் அழுத்தம் காட்டும் முள்ளும் சரியாக நின்றது. கேட்காத சத்தத்தை இவர் ஏன் முன்கூட்டியே சொல்கிறார்? நாளைக்கு ஏதாவது நடந்தால் 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்பதற்காகவா? ஒயிலுக்கும் தட்டுப்பாடு இருந்தது. யாராவது ஒயிலை வடித்து எடுத்தால் தெரியட்டும் என்று, ஒயில் தொட்டியின் அடி ஆணியில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். பத்தாம் நாள் மறுபடி வந்து சொன்னார். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. எதிலும் மாட்டிக்கொள்ளாத ஆள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள், கொழுந்தோடு வரும்போது கோயில் ஏற்றத்தில் சத்தம் பெரிதாகியது. யோகராஜ் அந்த நொடியே எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மழையில் மூன்று மைல் நடந்து வந்து சொன்னார். இத்தனை சீக்கிரம் நிறுத்த வேண்டும் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இழுத்துக்கொண்டு வந்து அடித்தட்டைக் கழற்றினேன். ஆறாம் பேரிங் உருகிக் கிராங்க்கில் ஈஷிக்கொண்டிருந்தது. ஆறாம் பேரிங், நாடா பிய்த்த பெட்டி. எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. அன்று மாலையே பதினொரு சந்தேகங்களை வரிசையாக எழுதினேன். நாடா, உடனே வந்த பதில், தராசுக் கதை தெரிந்திருந்தது, முன்கூட்டிச் சொன்ன சத்தம், சீக்கிரம் நிறுத்தியது. நல்ல பேரிங்கை விற்றுவிட்டுப் போலியை வைத்திருக்கிறார் என்று முடித்தேன். ஒரு பிரதி ஒபிஸுக்கு, ஒரு பிரதி ரணசிங்க சேருக்கு.

மறுநாளே யோகராஜை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பத்து நாளில் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். சாரதி என்பதால் கொடுத்த குவார்ட்டர்ஸும் போகும். அந்த வீட்டில் ஆறு பேர். அவர் சாவியை ஒப்படைக்க வந்தபோது நான் கராஜ் வாசலில் நின்றேன்.

"பாஸ், நீங்க எண்ணுறப்பல்லாம் நான் சிரிச்சிருக்கேன். அதுக்காகவா?"

"நான் சாமானைப் பத்தித்தான் எழுதினேன்."

"சாமானுக்கு வீடு இல்லைங்க பாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரணசிங்க சேர் மூன்றாம் நாள் வந்தார். என் கடிதம் உறை பிரிக்காமல் அவர் கையில் இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி இடது பொக்கெட்டில் போட்டார். கிராங்க்கை முழுவதும் வெளியே எடுக்கச் சொன்னார். ஆறாம் ஓட்டையும் ஏழாம் ஓட்டையும் வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஏழாவது புதிதுபோல இருந்தது. ஆறைத் திருப்பி முதுகைப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், மூக்கருகே கொண்டுபோனார்.

"பாஸுன்னஹே, இது பொய்ச் சாமான் இல்ல. இது தாகத்துல செத்தது" என்றார், 'பாஸ்' என்பதைச் சிங்கள மரியாதையோடு சொல்லி.

ஒயில் போகாமல் என்கிறார். ஒயில் அழுத்தம் சரியாக இருந்ததே என்றேன். ஒரு பெட்டியில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கலாமே என்றும் சொன்னேன். அவர் கொப்பியை எடுத்து, கிராங்க் இறக்கிய நாளில் செய்ததை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.

"துணி ஏழு எடுத்தது. காற்று: ஒன்று முதல் ஐந்து வரை சரி. கரண்ட் போனது. துணி எண்ணியது: ஏழு. கிராங்க் இறக்கியது."

வாசித்த பிறகு நான் அடுத்த வரிக்குப் போகவில்லை. என் கையெழுத்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரணசிங்க சேர் சாமான் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் கம்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் டீ குடிச்சிட்டு வர்றேன். பதினஞ்சு நிமிஷம்."

கம்பியை ஆறாம் துளையில் விட்டேன். இரண்டு அங்குலத்தில் மெத்தென்று ஏதோ தடுத்தது. நுனியைக் கொக்கிபோல வளைத்து, திருகி இழுத்தேன். நான்காம் தடவை வந்தது. கறுத்து வெந்த ஒரு முடிச்சு. டீசலில் அலசி விரித்தேன். நீலம். ஓரத்தில் ஒரு வெள்ளைப் பூவின் அரை இதழ். நீளம் ஒன்றரை அங்குலம்.

வெயிலில் இற்றுப்போன துணி. பிடுங்கியபோது பாதியில் அறுந்திருக்கிறது. வெளியே வந்ததைத் தட்டில் வைத்தேன், எண்ணினேன். எண்ணிக்கை சரி. ஏழில் ஒன்று குட்டையாக இருந்ததை நான் பார்க்கவில்லை. பேரிங்கைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்த நான் துணியை அளக்கவில்லை. அந்தத் துண்டு ஒயிலைக் கசியவிட்டுக் கசியவிட்டு அந்தப் பேரிங்கைப் பன்னிரண்டு நாள் உயிரோடு வைத்திருக்கிறது. யோகராஜ் கேட்ட சத்தம் உண்மை. அவர் அந்த நொடியே நிறுத்தியதால்தான் கிராங்க் உடையாமல் தப்பியது.

சுற்றிப் பார்த்தேன். கராஜில் யாரும் இல்லை. ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. அறுபது எஞ்சின்களில் ஒரு குறை வந்ததில்லை. துணியைச் சட்டைப் பையில் போட்டேன்.

ரணசிங்க சேர் சரியாகப் பதினைந்தாம் நிமிடம் வந்தார். மேசையில் கிடந்த கம்பியின் நுனியைப் பார்த்தார். அது வளைந்திருந்தது, கறுப்பு ஒயில் ஒட்டியிருந்தது. என் சட்டைப் பையைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. அங்கே ஈரம் ஊறியிருந்ததை நான் வீட்டுக்குப் போய்த்தான் கண்டேன். அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். உறை பிரிக்காத கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நான் இதை வாசிக்கல்ல. ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

அது கருணையா, அல்லது கிராங்க் இறக்கிய நாள் காலையில் போன் எடுத்து அவசரப்படுத்தியவர் தான்தானே என்ற பயமா? இரண்டு விதமாகவும் யோசித்துப் பார்த்துவிட்டேன். முடிவு வரவில்லை. வாங்கிக்கொண்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

ஒபிஸில் இருந்த பிரதிக்கு என்ன செய்வது? இரண்டு வரியில் இன்னொரு கடிதம் எழுதினேன். 'பேரிங் பழுதானதன் காரணம் உறுதியாகவில்லை. சாரதி மீதான எனது முறைப்பாட்டைத் தொடர விரும்பவில்லை.' விசாரணை நின்றது. யோகராஜ் திரும்ப வேலைக்கு வந்தார். 'காரணம் உறுதியாகவில்லை' என்ற வார்த்தையை ஸ்டோர்காரர் எப்படி வாசித்தார் என்பதற்கு அந்த ஒன்பதாம் விதி சாட்சி. இத்தனை வருடமும் யோகராஜ் ஒரு வடிகட்டி கொண்டுவந்தாலும் இரண்டு பேர் நின்று நிறுத்திருக்கிறார்கள். நிறுக்கும்போது அவர் வெளியே போய் நின்றுகொள்வார் என்று தனபாலன் சொன்னார். பல் எண்ணும் பகிடியை அதற்குப் பிறகு அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கிராங்க் மறுபடி கண்டிக்குப் போய் வந்தது. புது பேரிங், புது எண்ணிக்கை. அறுபத்திரண்டாவது என்று கொப்பியில் போட்டேன். இந்தத் தடவை கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, காலை எட்டு மணிக்குக் கொம்பிரஷரைப் போட்டேன். எனக்குத் தனியாகச் செய்யப் பயமாக இருந்தது. யோகராஜைக் கூப்பிட்டேன். நான் ஊத, அவர் மறுபக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொரு துளைக்கும் "வருது பாஸ்" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதில் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"நல்லா வருது" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "போன தடவையும் இதுல காத்து வந்துச்சுங்களா பாஸ்?"

கொம்பிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்காதது போல இருந்திருக்கலாம்.

"வந்துச்சு" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஏழாம் துளைக்குக் கையை மாற்றினார். லொறி இன்றைக்கும் ஓடுகிறது. கோயில் ஏற்றத்தில் மூன்றாம் கியர்.

அவருக்கு அப்போதே தெரிந்திருந்ததா என்பதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். தெரிந்துகொண்டே கேட்டாரா? தெரிந்துகொண்டே இத்தனை வருடம் பேசாமல் இருந்தாரா? எதற்காக? என் கொப்பியில் இதற்கு விடை இல்லை. அவரைப் பற்றி நான் எழுதிய பதினொன்றும் பிழையாகிவிட்ட பிறகு, பன்னிரண்டாவதாக ஒன்றைச் சந்தேகிக்க எனக்கு உரிமை இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நேற்று நானுஓயாவில் மகள் வீட்டிலிருந்து புறப்பட்டு, மூன்று பஸ் மாறி, தோட்ட ஒபிஸுக்குப் போனேன். மூன்றாவது கடிதத்தைக் கையோடு கொடுத்தேன். பழுதுக்குக் காரணம் நான் என்றும், சாரதி மீது நான் எழுதிய பதினொரு சந்தேகமும் பிழை என்றும், அந்தக் கடிதத்தை அவருடைய பைலிலிருந்து எடுத்து இதை வைக்கும்படியும் எழுதியிருக்கிறேன். துணித் துண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். கொடுத்ததற்கு என் பிரதியில் கிளாக்கரின் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். பைலில் கடிதம் மாறும்வரை நான் திரும்பத் திரும்பப் போவேன். பஸ் மூன்றுதான்.

தனபாலன், ஒன்பதாவது விதியை அழித்துவிடுங்கள். அந்த இடத்தில் எதையாவது எழுத வேண்டுமென்றால், அடைத்த துணியை எண்ணுவதோடு அளக்கவும் வேண்டும், காற்று இல்லாவிட்டால் காற்று வரும்வரை கிராங்க்கை இறக்கக் கூடாது என்று எழுதுங்கள். புத்தகத்தில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதைக் காலையில் எல்லாரும் இருக்கும்போது, யோகராஜ் முன்னால், சத்தமாக வாசியுங்கள். நானே வந்து வாசிக்கலாம். நடுவில் எங்காவது நிறுத்திவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம்.

யோகராஜ், நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பிழையான பதில் சொன்னேன். போன தடவை ஆறாம் துளையில் காற்று வரவில்லை.